ஸ்டார்லட் ஜிடிக்கு எந்த பூஸ்ட் கண்ட்ரோலர்? மேலே நுவரெலியா, கீழே கொழும்பு, இரண்டு பக்கமும் ஓடும் வண்டி

ஹட்டன் ஸ்டார்லட்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி, ஈபி82, 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், மேனுவல் கியர். டர்போ கம்பனியில வந்த அதே சிடி9. ஈசியூவும் (எஞ்சினை நடத்துற கணினி) கம்பனியோடது. முன்பக்கம் பெரிய இன்டர்கூலர், சைலன்சர் லைன் இரண்டேகால் அங்குலம், அடிப்பது 95 பெட்ரோல். டாஷ்போர்டுல உள்ள லோ-ஹை ஸ்விட்ச் வேலை செய்யுது. ஹை மோட்ல பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ளுற காற்றோட அமுக்கத்தைக் காட்டுறது) 0.65 பார் காட்டுது, லோவில 0.4 பக்கம்.

பூஸ்டை 0.8 அல்லது 0.9 வரைக்கும் கொண்டு போகணும். பந்து-ஸ்பிரிங் வகையா, பிளீட் வகையா, எலக்ட்ரானிக்கா, எது சரி? வண்டி ஏ7 பாதையில நுவரெலியா வரைக்கும் ஏறும், அவிசாவளைப் பக்கம் இறங்கி கொழும்புக்கும் போகும். இன்னொண்ணு, நுவரெலியாவில ஐட்லிங்ல வெக்யூம் (வெற்றிட அளவு) -0.45தான் காட்டுது, கொழும்புல -0.65. எங்கேயாவது லீக் இருக்கா?

நானுஓயா டர்போ:
தம்பி, கடைசிக் கேள்வியில இருந்து தொடங்குறேன். மற்ற எல்லாத்துக்கும் விடை அங்கேதான் இருக்கு.

அது லீக் இல்லை. உங்க கேஜ் சுத்தியிருக்கிற காற்றோட ஒப்பிட்டுத்தான் அமுக்கத்தைக் காட்டும். ஐட்லிங்ல மேனிஃபோல்டுக்குள்ள (எஞ்சினுக்குக் காற்று போற குழாய்) தனி அமுக்கம், அதாவது வெற்றிடத்தைப் பூச்சியமா வைத்து எண்ணும் அமுக்கம், ரெண்டு ஊரிலயும் கிட்டத்தட்ட 35 கிலோபாஸ்கல்தான். கொழும்புல வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல், 1,868 மீட்டர்ல இருக்கிற நுவரெலியாவில சுமார் 81. வித்தியாசத்தைக் கழிச்சுப் பாருங்க, நீங்க சொன்ன ரெண்டு எண்ணும் அப்படியே வரும்.

இதே கணக்கு பூஸ்டுக்கும் பொருந்தும். கேஜ்ல 0.8 பார்னா கொழும்புல மேனிஃபோல்டுக்குள்ள 1.81 பார். நுவரெலியாவில அதே 0.8ன்னா 1.61 பார். எஞ்சினுக்குப் போற காற்று பதினோரு வீதம் குறைவு. டர்போ இல்லாத வண்டி மேலே இருபது வீதம் இழக்கும், அதோட பார்த்தா இது பரவாயில்லைதான். ஆனா கேஜ் ஒரே எண்ணைக் காட்டுறதால எஞ்சினுக்குள்ள ஒரே வேலைதான் நடக்குதுன்னு நினைக்கக் கூடாது.

இந்த இழப்பை ஈடு செய்யத்தான் மலையில பலபேர் ஸ்குரூவை இன்னும் திருகுறாங்க. நுவரெலியாவில 1.81 பார் வேணும்னா கேஜ் 1.0 காட்டணும். டர்போ உள்ளே இழுக்கிறது 0.81 பார் காற்று, வெளியே தள்ள வேண்டியது 1.81. அமுக்க விகிதம் 2.23. கொழும்புல அதே 1.81க்கு விகிதம் 1.79தான். சிடி9 சின்ன டர்போ. அந்த விகிதத்துக்கு அது இன்னும் வேகமா சுத்தணும், காற்றும் அதிகமா சூடாகும். கொழும்புல 30 பாகைக் காற்றை 1.79 விகிதத்துக்கு, கம்பிரசர் திறன் 70 வீதம்னு வைத்து அமுக்கினா வெளியே வர்றது சுமார் 108 பாகை. நுவரெலியாவில 15 பாகைக் காற்றையே 2.23க்கு அமுக்கும்போது திறன் 65ஆ விழுந்தா 130 பாகை. வெளியே குளிர்னு சொல்லி தப்பிக்க முடியாது. இன்டர்கூலருக்கு மேல அடிக்கிற காற்றும் மெலிசு, அதனால அதுவும் குறைவாத்தான் சூட்டை எடுக்கும்.

இப்போ எதிர்த்திசையைப் பாருங்க, ஆபத்து அங்கேதான். பந்து-ஸ்பிரிங் கண்ட்ரோலருக்கும், வேஸ்ட்கேட் (புகையை டர்போவுக்குப் போகாம திருப்பி விடுற மூடி) ஆக்சுவேட்டருக்கும் (அந்த மூடியைத் திறக்கிற கருவி) முதுகுப்பக்கம் இருக்கிறது வெளிக்காற்றுதான். அதனால அதுங்க பிடிச்சு வைக்கிறது கேஜ் அமுக்கத்தை. மேலே 1.0க்கு திருகி வைத்த வண்டி கினிகத்தேனை தாண்டி இறங்கும்போதும் ஏறக்குறைய 1.0லதான் நிற்கும். கொழும்புல அது 2.01 பார். மேலே அமைதியா ஓடின எஞ்சின் கீழே நாக் பண்ணும் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும்). வெயில், நெரிசல், சூடு பிடிச்ச இன்டர்கூலர் எல்லாம் சேர்ந்தா பிஸ்டன் ரிங் லேண்ட்தான் (ரிங்குகளுக்கு நடுவில உள்ள விளிம்பு) முதல்ல போகும்.

அதனால எந்த கண்ட்ரோலர் போட்டாலும் அளவை முடிவு செய்யறது வண்டி போகப்போற ஆகத் தாழ்ந்த இடம்தான்.

கம்பளை ஸ்பேனர்:
மேல சொன்னது முழுக்கச் சரி. கண்ட்ரோலர் வாங்க முன்னாடி பார்க்க வேண்டியதை நான் சொல்றேன். பாதிப் பேருக்கு கண்ட்ரோலர்ல குறை இருக்காது, அதுக்கு முன்னாடியே ஏதாவது பழுதா இருக்கும்.

முதல்ல ஆக்சுவேட்டர். கையால அடிக்கிற பம்ப், அதுல ஒரு சின்ன கேஜ், இது போதும். ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி பம்பை மாட்டி மெதுவா ஏத்துங்க. எந்த அமுக்கத்துல ராட் அசையத் தொடங்குதுன்னு குறிச்சுக்கங்க. பிறகு 0.5ல நிறுத்தி ஒரு நிமிஷம் விடுங்க. முள் இறங்கினா டயஃப்ரம் ஓட்டை. ஓட்டை டயஃப்ரத்தோட எந்த கண்ட்ரோலரும் பூஸ்டைப் பிடிக்காது, சிக்னல் (ஆக்சுவேட்டருக்குப் போற காற்றமுக்கம்) அங்கேயே கசிஞ்சு போய் பூஸ்ட் தன்பாட்டுல ஏறும். ராட் நுனியில பின்னைக் கழற்றி வேஸ்ட்கேட் கையைக் கையாலேயே ஆட்டிப் பாருங்க. இறுகிப் பிடிக்கக் கூடாது. பழைய சிடி9ல அந்த புஷ் துருப்பிடிச்சு நிற்கும்.

அடுத்தது லீக். டர்போ வாயில ஒரு மூடி போட்டு 0.7 பார் காற்றை மெதுவா விடுங்க, இணைப்பு எல்லாத்துலயும் சோப்பு நுரை தெளிங்க. இன்டர்கூலர் குழாய் இணைப்புகளும் புளோ-ஆஃப் வால்வும்தான் பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். லீக் இருந்தா கேஜ்ல அதே எண் வரும், ஆனா டர்போ அதுக்காகக் கூடுதலா சுத்தும். மலையில ஏற்கனவே கூடுதலாத்தான் சுத்துது.

மூணாவது ரொம்ப முக்கியம். நீங்க சைலன்சர் லைனைப் பெருசாக்கியிருக்கீங்க. லோ மோட்ல வைத்து முழு ஆக்சிலரேட்டர்ல 6,500 வரைக்கும் பாருங்க. 0.4லயே நிற்குதா, இல்ல சுற்று கூடக்கூட 0.5, 0.6ன்னு ஊர்ந்து ஏறுதா? ஊர்ந்து ஏறினா வேஸ்ட்கேட் ஓட்டை சிறிசு, முழுசா திறந்தும் தேவையான புகை வெளியே போகலைன்னு அர்த்தம். அதுக்கு கண்ட்ரோலர் மருந்தில்லை. டர்பைன் ஹவுசிங்ல ஓட்டையைப் பெருசாக்கி, அதுக்கேத்த மூடி போடணும். கண்ட்ரோலரால ஸ்பிரிங் அளவுக்குக் கீழே பூஸ்டைக் குறைக்கவே முடியாது. இதை எல்லாரும் மறந்துடறாங்க.

ஹட்டன் ஸ்டார்லட்:
லோவில பார்த்தேன், 6,500லயும் 0.42 தாண்டலை. ராட் 0.38ல அசையுது, டயஃப்ரம் பிடிக்குது. இனி வகையைச் சொல்லுங்க.

ஊவா காற்று:
அப்படியானால் ஸ்பிரிங் 0.4. பொதுவாக ஸ்பிரிங் அளவின் இரு மடங்கு வரைதான் ஒரு கண்ட்ரோலர் நிதானமாகப் பிடிக்கும். அதற்கு மேல் புகையின் அமுக்கமே வேஸ்ட்கேட் மூடியைத் தள்ளித் திறக்கும். மேல் சுற்றில் பூஸ்ட் சரியும். ஆகவே 0.8 உங்களுக்கு இயல்பான எல்லை. 0.9 வேண்டுமானால் கொஞ்சம் கடினமான ஆக்சுவேட்டர் வேண்டும். ராடைச் சுருக்கி இழுவையைக் கூட்டுவதும் ஒரு வழிதான், ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் மூடி முழுதாகத் திறக்க இடமிருக்காது.

கைமுறை வகையில் என் தெரிவு பந்து-ஸ்பிரிங். பிளீட் வகை சிக்னலில் ஒரு பகுதியை எப்போதும் வெளியே விடுகிறது, மீதி ஆக்சுவேட்டருக்குப் போகிறது. ஆகவே 0.3 பாரிலேயே மூடி இலேசாகத் திறக்கத் தொடங்கும், டர்போ எழும்பத் தாமதமாகும். பந்து-ஸ்பிரிங்கில் குறித்த அமுக்கம் வரும்வரை சிக்னல் போகவே போகாது. மூடி இறுக்கமாக இருக்கும். றம்பொடை ஏற்றத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது 2,500 சுற்றில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பண்டாரவளை இறக்கம்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. வேகத்தைச் சொல்கிறீர்கள், பழுதானால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. பிளீட் வால்வின் துளையில் தூசி அடைத்தால் முழுச் சிக்னலும் ஆக்சுவேட்டருக்குப் போகும், பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு விழும். வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். பந்து-ஸ்பிரிங்கில் பந்து இருக்கையில் ஒட்டிக்கொண்டால் சிக்னல் போகாது, பூஸ்ட் எல்லையில்லாமல் ஏறும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் மழையும் பனிமூட்டமும் ஓயாத மாதங்களில் ஹோஸுக்குள் ஈரம் சேர்கிறது. எண்ணெய் ஆவியோடு அது கலந்தால் பசைபோல ஆகும். ஏற்றத்தில் ஓடும் வண்டிக்குப் பழுது எந்தப் பக்கம் விழும் என்பதுதான் முதல் கேள்வி.

ஊவா காற்று:
நியாயமான வாதம். பந்து ஒட்டும் அபாயம் உண்மை. ஆனால் அதற்குப் பரிகாரம் இருக்கிறது: துருப்பிடிக்காத உருக்குப் பந்து, பித்தளை உடல், எண்ணெய் மாற்றும் போதெல்லாம் கழற்றி பிரேக் கிளீனர் அடித்துக் காய வைத்தல். சிக்னல் எடுக்கும் இடமும் முக்கியம். கம்பிரசர் ஹவுசிங் நிப்பிளில் இருந்து எடுங்கள், கண்ட்ரோலரை அந்த நிப்பிளைவிட உயரமாக, செங்குத்தாக வையுங்கள். ஈரம் தானாகக் கீழே வடியும். மலிவான நகல்களில் உடல் அலுமினியம், ஸ்பிரிங் மெல்லிய கம்பி, சூட்டில் அதன் பலம் மாறுகிறது. காலையில் 0.8 காட்டியது மாலையில் 0.72 காட்டும். அப்படிப்பட்டதை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

பிளீட் வகையிலும் ஒரு சிக்கல் சொல்கிறேன். டர்போவுக்கும் வால்வுக்கும் நடுவில் 1 மில்லிமீட்டர் அளவுத் துளையுள்ள தடுப்பு இல்லாவிட்டால் எவ்வளவு திறந்தாலும் பூஸ்ட் ஏறாது. பலர் அதைப் போடாமல் கண்ட்ரோலர் பழுது என்று தூக்கி வீசுகிறார்கள்.

பண்டாரவளை இறக்கம்:
தடுப்பு கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். பராமரிப்பவர் கையில் பந்து-ஸ்பிரிங் சரி. போட்டுவிட்டு மறந்துவிடுபவருக்கு பிளீட்.

பதுளை வயரிங்:
நான் எலக்ட்ரானிக் பக்கம் நிற்கிறன். காரணம் வேகமில்லை, ஞாபகம். ப்ரோஃபெக், இவிசி, பழைய ஏவிசி-ஆர், எது எண்டாலும் ரெண்டு மூண்டு அளவுகளைப் பதிஞ்சு வைக்கலாம். நானுஓயா டர்போ சொன்ன பிரச்சினைக்கு இதைவிட நேரான தீர்வு இல்லை: மேலுக்கு ஒரு அளவு, கீழுக்கு ஒரு அளவு, ஒரு பட்டன். பூஸ்ட் எல்லை தாண்டினால் தானே சொலினாய்டை (மின்சார வால்வை) விட்டு ஸ்பிரிங் அளவுக்கு இறக்கிற வசதியும் அதுகளில் இருக்கு.

பூட்டும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லுறன். மூண்டு வாய் சொலினாய்டில எந்த வாய் எதுக்கு எண்டதை இணையத்தில பார்த்த படத்தை நம்பிப் பூட்டாதேங்கோ, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மின்சாரம் குடுக்காமல் வாயால ஊதிப் பாருங்கோ. டர்போவில இருந்து வாற வாய்க்கும் ஆக்சுவேட்டருக்குப் போற வாய்க்கும் இடையில காற்றுத் தாராளமாப் போகவேணும். 12 வோல்ட் குடுத்தவுடன அது மூடி, ஆக்சுவேட்டர் வாய் வெளிக்காற்றுக்குத் திறக்கவேணும். அப்பதான் ஃபியூஸ் போனாலும் வயர் அறுந்தாலும் பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கும். மாறிப் பூட்டினால் ஃபியூஸ் போகிற நேரம் எஞ்சினும் போகும்.

மின்சாரம் இக்னிஷன் போட்டால் மட்டும் வாற லைனில இருந்து, 5 அம்பியர் ஃபியூஸோட. பெரும்பாலான கண்ட்ரோலர்கள் சொலினாய்டின்ரை எர்த் பக்கத்தைத்தான் திறந்து மூடும், அதால பொடியில எர்த் அடிச்சு விடாதேங்கோ. சொலினாய்டை எஞ்சினில பூட்டாமல் பொடியில பூட்டுங்கோ, ஆனா ஆக்சுவேட்டருக்குக் கிட்ட. ஹோஸ் நீண்டால் பதில் தாமதமாகும், பூஸ்ட் ஊசலாடும். சென்சருக்குரிய ஹோஸ் மட்டும் மேனிஃபோல்டில இருந்து, தனி வாயில. புளோ-ஆஃப் வால்வு, பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் லைனில டி போடக்கூடாது.

அளவிடுற முறை: டியூட்டி (சொலினாய்டுக்கு மின்சாரம் போற நேரப் பங்கு) 20 வீதம், கெயின் (வித்தியாசத்தைத் திருத்துற வேகம்) பூச்சியம், ஸ்டார்ட் பூஸ்ட் (அதுவரைக்கும் மூடியை இறுக்கமா வைத்திருக்கிற அளவு) ஆகக் குறைவு. டியூட்டியை ரெண்டு ரெண்டு வீதமாக் கூட்டி இலக்கின்ரை 90 வீதத்தில நிப்பாட்டுங்கோ. பிறகு ஸ்டார்ட் பூஸ்டை மெல்ல மெல்ல ஏத்துங்கோ, 0.8 இலக்குக்கு 0.5 அளவில தொடங்கலாம். உச்சியில எகிறினால் ஸ்டார்ட் பூஸ்டைக் குறையுங்கோ. கெயின் கடைசி. முள் மேலும் கீழும் ஆடினால் கெயின் கூடிப்போச்சு. எல்லை எச்சரிக்கையை இலக்குக்கு மேல 0.1இல வையுங்கோ.

பிறகு ஒரு சின்ன விசயம். இக்னிஷன் போட்டு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாமல் கண்ட்ரோலர் என்ன காட்டுது எண்டு நுவரெலியாவில பாருங்கோ. பூச்சியம் எண்டால் அது வெளிக்காற்றோட ஒப்பிடுது. -0.2 எண்டால் உள்ளே இருக்கிறது தனி அமுக்க சென்சர், 1.01 பாரை நிலையாக் கழிக்குது. ரெண்டாவது வகை எங்களுக்கு வாய்ப்பு: அதில 0.8 எண்டு வைத்து, டியூட்டியைத் தானே திருத்துற முறையில ஓடவிட்டால், எந்த உயரத்திலயும் 1.81 பாரையே தேடிப் போகும். ஆனா அப்ப மேலே டர்போ படுற பாட்டை நீங்கள்தான் நினைவில வைத்திருக்கவேணும்.

ஹட்டன் ஸ்டார்லட்:
எலக்ட்ரானிக் விலை இப்போதைக்குக் கை எட்டாது அண்ணே. பந்து-ஸ்பிரிங் போட்டு, டாஷ்ல இருக்கிற லோ-ஹை ஸ்விட்சையே மேலுக்கும் கீழுக்கும் பயன்படுத்த முடியாதா?

கம்பளை ஸ்பேனர்:
முடியும், நல்ல யோசனை. கம்பிரசர் நிப்பிள்ல இருந்து வர்ற ஹோஸை டி போட்டு ரெண்டாப் பிரிங்க. ஒரு கிளை பந்து-ஸ்பிரிங் வழியா, இன்னொரு கிளை ஒரு சொலினாய்ட் வால்வு வழியா, ரெண்டும் மறுபடி ஒரு டியில சேர்ந்து ஆக்சுவேட்டருக்கு. வால்வு திறந்திருந்தா சிக்னல் பந்தைச் சுத்திப் போயிடும், பூஸ்ட் 0.4. வால்வு மூடினா பந்துதான் தீர்மானிக்கும், 0.8. வால்வு மின்சாரம் இல்லாதப்போ திறந்திருக்கிற வகையா இருக்கணும். கம்பனி வால்வு அப்படியான்னு வயரிங் அண்ணன் சொன்ன மாதிரி ஊதிப் பாருங்க. மின்சாரம் இல்லாம மூடியிருந்தா அதைப் பயன்படுத்தாதீங்க, வேற வால்வு தேடுங்க. கம்பனி வால்வு வேண்டாம்னு முடிவு பண்ணினா ஹோஸை மட்டும் கழற்றி ரெண்டு நுனியையும் அடைங்க. வயர் சொக்கெட்டைக் கழற்றாதீங்க, ஈசியூ பழுதுன்னு எடுத்துக்கும்.

ஹோஸ் 4 மில்லிமீட்டர் உள்விட்டம், தடிப்பான சுவருள்ள சிலிக்கன். ஒவ்வொரு நுனியிலயும் கிளிப். இதுல அலட்சியம் கூடவே கூடாது, கழன்ற ஒரு ஹோஸ் எல்லையில்லாத பூஸ்டுக்குச் சமம். கண்ட்ரோலர் உடல்ல அம்புக்குறி இருக்கும், அம்பு ஆக்சுவேட்டர் பக்கம் பார்க்கணும். தலைகீழா பூட்டினாலும் அதே கதிதான்.

கண்ட்ரோலருக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை இருக்கணும். சிலதுல உடல்லயே இருக்கும். ஆக்சுவேட்டருக்குள்ள அடைபட்ட காற்று வெளியே போக அதுதான் வழி. அது அடைச்சா கியர் மாத்தும்போது மூடி திறந்தே கிடக்கும், அடுத்த கியர்ல டர்போ எழும்பாது.

லிந்துலை கெப்:
நடுவில ஒரு கேள்வி. தோட்டத்துல ஓடுற டீசல் டபுள் கெப், டர்போ இருக்கு. ஏத்தத்துல கறுப்புப் புகை. பூஸ்ட் கண்ட்ரோலர் போட்டா சரியாகுமா?

நானுஓயா டர்போ:
பழைய 4டி56 மாதிரி மெக்கானிக்கல் பம்ப், வேஸ்ட்கேட் டர்போன்னா கொஞ்சம் உதவும். புகை வர்றது டீசலுக்குக் காற்று போதாததால. ஆனா முதல்ல ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் குழாய், பம்ப் தலையில உள்ள பூஸ்ட் டயஃப்ரம், அதுக்குப் போற ஹோஸ், இதையெல்லாம் பாருங்க. யாராவது இழுவையைக் கூட்டணும்னு டீசல் ஸ்குரூவைத் திருகியிருந்தா அதை முதல்ல பழைய இடத்துக்குக் கொண்டு வாங்க. பிறகுதான் பூஸ்ட். 1கேடி மாதிரி காமன் ரெயில், இறகு அசையுற டர்போன்னா பந்து-ஸ்பிரிங்குக்கு அங்கே வேலையே இல்லை. இறகை அசைக்கிறதே ஈசியூதான்.

ஹட்டன் ஸ்டார்லட்:
சரி, பூட்டியாச்சுன்னு வைங்க. அளவு வைக்கிற முறை?

நானுஓயா டர்போ:
அதுக்கு முன்னாடி மூணு தயாரிப்பு. பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். 1.1ல விட்டா பூஸ்ட் ஏறும்போது பொறி அணைஞ்சு வண்டி திக்கும், அதை ஃபியூவல் கட்னு (பூஸ்ட் எல்லை மீறினா ஈசியூ பெட்ரோலை நிறுத்துறது) தப்பா நினைப்பீங்க. பெட்ரோல் ஃபில்டர் புதுசு. ஒரு வைட்பேண்ட் ஓ2 கேஜ், இரவலாவது வாங்குங்க. முழு பூஸ்ட்ல காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் இருக்கணும். 12.5 காட்டினா அந்த நிமிஷமே காலை எடுங்க.

ஸ்குரூவை முழுசா வெளியே எடுத்துட்டுத் தொடங்குங்க. முதல் ஓட்டத்துல ஸ்பிரிங் அளவு 0.4 வரணும். அதுக்கு மேல வந்தா ஹோஸ் தப்பு, மேலே போகாதீங்க. பிறகு அரைச் சுற்று உள்ளே, ஒரு ஓட்டம். உச்சி எண்ணும் நின்ற எண்ணும் வேற வேறயா எழுதுங்க. உச்சி 0.85, நிலை 0.75ன்னா நீங்க வைத்திருக்கிறது 0.75 இல்லை, 0.85. எஞ்சின் உடையறது உச்சியிலதான். 0.7 தாண்டினதும் கால் சுற்றுக்கு மேல திருகாதீங்க. கடைசியா லாக் நட்டை இறுக்கி, இறுக்கின பிறகு இன்னொரு ஓட்டம், இறுக்கும்போது ஸ்குரூ கொஞ்சம் அசையும்.

எங்கே ஓட்டுறது? இரண்டாம் கியர்ல வர்ற பூஸ்ட் மூன்றாம் கியரைவிடக் குறைவா இருக்கும், பாரம் குறைவு. மூன்றாம் கியர்ல 6,500 சுற்று வரைக்கும் போனா 70 எல்லையை எங்கேயோ தாண்டிடுவீங்க. மலைப் பாதையில, பஸ்ஸும் கொழுந்து லொறியும் வர்ற வளைவுக்கு நடுவில இது செய்யற வேலையே இல்லை. கொழும்புப் பக்கம் டைனோ (வண்டியை உருளை மேல ஓட்டி வலுவை அளக்கிற கருவி) எடுங்க. அது செலவு மட்டுமில்லை, சரியான இடமும் அதுதான்: ஆகத் தாழ்ந்த உயரம், ஆகச் சூடான காற்று. அங்கே நாக் இல்லாம 0.8 நின்னா மேலே எங்கேயும் நாக் வராது.

டைனோவை மலையில எங்கேயாவது எடுத்தாலும் உயரத்துக்கான திருத்தக் கணக்கைப் போட்டுக் காட்டுற குதிரைவலுவை நம்பாதீங்க. அந்தத் திருத்தம் டர்போ இல்லாத எஞ்சினுக்கானது, டர்போவுக்குப் போட்டா எண் ஊதிப் போகும்.

ஹட்டன் ஸ்டார்லட்:
ஃபியூவல் கட் பத்தி? இங்கே ஒருத்தர் கட் வராம இருக்க ஒரு சின்ன பெட்டி போடச் சொன்னார்.

ஊவா காற்று:
வேண்டாம். 4ஈ-எஃப்டிஈ ஈசியூ காற்றை அளப்பதே மேனிஃபோல்ட் அமுக்க சென்சரால்தான். அந்தப் பெட்டி செய்வது, ஓர் அளவுக்கு மேல் சென்சர் சொல்வதை ஈசியூவுக்கு மறைப்பது. கட் மட்டும் மறைவதில்லை, கூடுதலாகப் போகும் காற்றும் மறைகிறது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது.

அந்த சென்சர் பார்ப்பது தனி அமுக்கம். ஓர் ஈசியூ 1.9 பாரில் வெட்டுகிறது என்று வைத்தால், உங்கள் கேஜில் அது கொழும்பில் 0.89, ஹட்டனில் 1.03, நுவரெலியாவில் 1.09. மேலே 0.95 வைத்து ஒருமுறைகூட வெட்டாத வண்டி அவிசாவளையில் திடீரென வெட்டும். அந்த நேரத்தில் குறை ஸ்குரூவில், ஈசியூவில் இல்லை. இறங்கும் வழியில் கட் வந்தால் அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு பூஸ்டைக் குறையுங்கள்.

தலவாக்கலை பனி:
ஜனவரி விடியற்காலையில மட்டும் உச்சி 0.1 கூட அடிக்குது, பகல்ல சரியா இருக்கு. பந்து-ஸ்பிரிங்தான். ஏன்?

கம்பளை ஸ்பேனர்:
குளிர்க்காற்று அடர்த்தி கூட, டர்போ வேகமா எழும்புது, மூடி திறக்க எடுக்கிற நேரத்துக்குள்ள பூஸ்ட் தாண்டிடுது. ஹோஸ் ரப்பரும் குளிர்ல விறைச்சு இருக்கும். ஹோஸை முடிஞ்ச அளவு குட்டையாக்குங்க, கண்ட்ரோலரை ஆக்சுவேட்டருக்குக் கிட்டக் கொண்டு வாங்க. அந்த சின்னத் துளை தேவைக்கு மேல பெருசா இருந்தாலும் சிக்னல் கசிஞ்சு உச்சி எகிறும், அதையும் பாருங்க. எப்படியும் அளவு வைக்கிற நாள் சூடான மத்தியானமா இருந்தா விடியற்காலைக்கு 0.05 இடம் விட்டு வைங்க.

பண்டாரவளை இறக்கம்:
ஹட்டன் தம்பிக்கு இன்னும் இரண்டு. ஏற்றத்தில் நான்காம் கியரில் 2,000 சுற்றில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதீர்கள். மேலே அமுக்க விகிதம் கூட, காற்றோட்டம் குறைவு. ஆக்சிலரேட்டர் மிதித்திருக்கும்போதே டர்போ பக்கம் படபடவென்ற சத்தம் வந்தால் காற்று கம்பிரசருக்குள் பின்னோக்கி அடிக்கிறது, தள்ளுவிசைத் தாங்கியை அது தின்றுவிடும். ஒரு கியர் இறக்குங்கள்.

இரண்டாவது ரேடியேட்டர் மூடி. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையில் கொதிக்கும். 0.9 பார் மூடி நன்றாக இருந்தால் 115 வரை தாங்கும். கசிந்தால் லபுக்கலை ஏற்றத்தின் பாதியிலேயே கொதிக்கும். பூஸ்ட் கூட்டுவதற்கு முன் மூடியை மாற்றுங்கள். மேலே போய் நிறுத்தும்போது எஞ்சினை இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

ஹட்டன் ஸ்டார்லட்:
அப்போ பந்து-ஸ்பிரிங், சுத்து வழியில சொலினாய்ட், கொழும்புல டைனோவில 0.8. மேலே அந்த 0.8ஐ அப்படியே விட்டுடறேன். ஒரே சந்தேகம், மேலே 0.9 வரைக்கும் போனா தப்பா?

நானுஓயா டர்போ:
மேலே மட்டும் ஓடுற வண்டின்னா 0.9 தப்பில்லை. 1.71 பார்தான், நாக் வராது, டர்போதான் பாடுபடும். 1.0க்கு சிடி9ஐக் கொண்டு போகாதீங்க. ஆனா உங்க ஸ்பிரிங் 0.4, மேல் சுற்றுல 0.9ஐப் பிடிக்காது. இறங்கும்போது ஸ்குரூவைத் திருப்ப மறந்தாலும் கொழும்புல 1.91. உங்களுக்கு 0.8தான். 95 கிடைக்காத ஷெட்ல 92 அடிச்சா அந்த டாங்க் முடியும் வரைக்கும் ஸ்விட்ச் லோவிலயே இருக்கட்டும். டாங்க் பாதி இருக்கும்போதே 95 நிரப்பினாலும் மீதிப் பாதி 92தான், அதையும் கணக்குல எடுங்க.